உஷார்! இந்த நிமிடம் குழந்தை யார் கண்ணில்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசியாயிற்று. புளியோதரைக்குப் புளி ஊறுகிறது. மாற்றுத்துணி, துண்டு, பந்து, காற்றடிக்கும் டியூப் எல்லாம் பையில் ஏறிவிட்டன. முக்கொம்பா, ஒகேனக்கல்லா, குற்றாலமா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு கடற்கரையா என்பதுதான் பாக்கி. எங்கே வேண்டுமானாலும் போங்கள். கிளம்பும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்: அங்கே போய் இறங்கியதும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

“எல்லாரும்தான் இருக்கோமே” என்பது உங்கள் பதிலாக இருந்தால், அந்தப் பதில்தான் ஆபத்து.

வேன் நின்றதும் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் ஜமக்காளத்தை விரித்துத் தூக்குச்சட்டிகளை இறக்குகிறார்கள். ஆண்கள் பார்க்கிங் சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு நிழலில் இடம் பார்க்க வேண்டும், கைக்குழந்தைக்கு நாப்கின் மாற்ற வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் நாலு வயசுப் பையன் தண்ணீரைப் பார்த்துவிட்டான். அவன் அப்பாவுடன் இருக்கிறான் என்று அம்மா நினைக்கிறாள். பெரியம்மாவுடன் போனான் என்று அப்பா நினைக்கிறார். “சித்தப்பா கூடத்தான நின்னுட்டிருந்தான்?” என்கிறார் பெரியம்மா. சித்தப்பா அப்போது செல்போனில் இருக்கிறார். பன்னிரண்டு பேர் வந்த வேன் அது. அத்தனை பேரும் பாசக்காரர்கள்தான். ஆனால் அந்த நிமிடம் பிள்ளை ஒருவர் கண்ணிலும் இல்லை.

நீரில் மூழ்குவது சினிமாவில் வருவதுபோல இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கையை மேலே தூக்கி ஆட்டி, “காப்பாத்துங்க” என்று கத்தி, தண்ணீரை அடித்து ஆர்ப்பாட்டம் செய்தால் நமக்குத் தெரிந்துவிடும் என்று தைரியமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம். நிஜத்தில் சத்தமே வராது. வாய் தண்ணீருக்குள் போவதும் மேலே வருவதுமாக இருக்கும்போது, கிடைக்கிற ஒரு நொடியில் குழந்தை மூச்சை இழுக்குமா, கத்துமா? தலை பின்னால் சாய்ந்திருக்கும், முடி நெற்றியில் ஒட்டியிருக்கும், கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுவது போலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், அந்த அமைதியைக் கேட்டதும் எழுந்து ஓடுங்கள். சின்னக் குழந்தைக்கு ஆழமும் தேவையில்லை. மூக்கும் வாயும் மறைகிற அளவு தண்ணீர் இருந்தாலே போதும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நம் ஊரில் இதற்கு “நீர்க்கண்டம்” என்று பெயர் வைத்துவிட்டு விதியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஜாதகத்தில் கண்டம் இல்லாத பிள்ளை என்றால் கவலையே இல்லாமல் இறக்கிவிடுகிறோம். எனக்கு இதில் கோபமே வருகிறது. கரையில் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனையோ.

ஆகவே முறை போடுங்கள். வேனை விட்டு இறங்கும் முன்பே, “முதல்ல அரை மணி நேரம் நான் பாக்கறேன், அப்புறம் மாமா பாக்கட்டும்” என்று பெயர் சொல்லிப் பேசி முடிவு செய்யுங்கள். முறையில் இருப்பவர் செல்போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். சாப்பிடக் கூடாது, சீட்டு ஆடக் கூடாது, மது அருந்தியிருக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தண்ணீர் அருகே இருந்தால், கையை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது பார்ப்பதல்ல. முறை மாறும்போது, “நான் போறேன், இப்ப நீங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவர் “சரி” என்ற பிறகே நகர வேண்டும். இன்னொன்று: “அக்கா பாத்துப்பா” என்று பத்து வயசுப் பெண்ணிடம் தம்பியை ஒப்படைக்காதீர்கள். அவளும் குழந்தைதான். தம்பி வழுக்கினால் யோசிக்காமல் அவளும் இறங்கிவிடுவாள்.

அது எப்படி முடியும் என்பதை 2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டம் பார்த்தது. கெடிலம் ஆற்றில் தடுப்பணை அருகே குளிக்கப்போன இடத்தில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதிலேயே மூழ்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கிய புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் இறந்தார்கள். கால்பந்துப் போட்டிக்காக வந்த பிள்ளைகள் அவர்கள். அங்கேயும் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்றுதான் போனார்கள்.

கோடையில் ஆறு வற்றித்தான் இருக்கிறது, முழங்கால் தண்ணீர்தானே என்று தோன்றும். அந்த முழங்கால் தண்ணீர்தான் ஏமாற்றுவது. மணல் அள்ளிய குழி, தடுப்பணை கட்டத் தோண்டிய பள்ளம், மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து அரித்த மடு, இவை எதுவுமே மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். ஓரத்துப் பாறையில் பாசி வேறு. அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் சுழல் என்று தெரியும். துணி துவைக்கிறவர்களிடம், ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்கள் “வேணாம்” என்றால் வேண்டாம். இந்த இடத்தில் குளிக்கக் கூடாது, இதுவரை இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று பலகை வைத்திருந்தால், அந்தப் பலகையிலேயே துண்டைத் தொங்கப்போட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். கல்குவாரிக் குட்டைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. கரையிலிருந்து நேராகப் பாதாளம்; ஏறி வரப் பிடிமானம் இருக்காது.

யாராவது மூழ்கினால் என்ன செய்வது? நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் ஒரு சாவு நாலு சாவாவது இந்த இடத்தில்தான். கரையில் படுத்துக்கொண்டு நீளமான கழியை நீட்டுங்கள். வேட்டியை, சேலையை, துப்பட்டாவை முறுக்கி வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை எறியுங்கள், அது மிதக்கும். வேனில் எப்போதும் ஒரு நல்ல கயிறு இருக்கட்டும். சத்தம் போட்டு ஆள் கூட்டுங்கள்.

பிள்ளையை வெளியே எடுத்ததும் நம் ஊரில் செய்கிற முதல் காரியம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, இல்லாவிட்டால் வயிற்றை அமுக்குவது. இரண்டும் தப்பு. வயிற்றில் இருக்கும் தண்ணீரும் சோறும் வெளியே வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பொன்னான நிமிடங்களும் போய்விடும். பிள்ளையைச் சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் முகவாயை லேசாக உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. பிறகு நடு நெஞ்சில், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் அமுக்க வேண்டும். 30 முறை அமுக்கல், 2 முறை ஊதல், மறுபடி 30. ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 108க்குப் போன் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பிள்ளை இருமி, அழுது, கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணற வைக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது பாதிதான். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. குடும்பத்தில் ஒருவராவது பொம்மையில் கைவைத்து அமுக்கிப் பழகியிருக்க வேண்டும்.

அருவிக்கு வருவோம். குற்றாலத்துக்கு ஜூனில்தான் சீசன், மே மாதம் பயமில்லை என்ற எண்ணம் 2024இல் உடைந்துபோயிற்று. மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மக்கள் பதறியடித்து ஓடிய வீடியோவை நாமெல்லோரும் செல்போனில் பார்த்தோம். கோடை மழை மலைமேல் பெய்யும். கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கூடினாலோ, சோப்பைக்கூடத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மேற்கே மேகம் கறுத்திருந்தால் அன்றைக்கு அருவியே வேண்டாம். “இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்தாச்சே” என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள்.

ஒகேனக்கல்லில் கணக்கு வேறு. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். அப்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடும். தடை என்றால் தடைதான். ஓரமாக ஒரு பக்கம் கூட்டிப்போகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். தடை இல்லாத நாளிலும் பரிசலில் ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கானதைப் பிள்ளைக்கு மாட்டி, கொக்கியைப் போடாமல் போட்டோவுக்கு நிற்கிறார்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அந்த ஜாக்கெட் உதவாது. பிள்ளை அளவுக்கு ஜாக்கெட் இல்லையா, பரிசல் சவாரி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

டியூப், கையில் மாட்டும் காற்றுப்பை, மிதக்கும் வாத்து, இவை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். உயிர் காப்பவை அல்ல. சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம் அதிகம். டியூப் கவிழ்ந்தால் தலை கீழே, கால் மேலே என்று மாட்டிக்கொள்ளும், தானாகத் திரும்ப முடியாது. டியூப் போட்டுவிட்டோம் என்று கண்ணை எடுப்பதைவிட, டியூபே இல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மேல். வாட்டர் பார்க்கிலும் இதே கதைதான்; லைஃப்கார்டு நூறு தலைகளைப் பார்க்கிறவர், உங்கள் பிள்ளையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தலைமுடியை இறுக்கக் கொண்டை போட்டுவிடுங்கள். நீச்சல் குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் முடி மாட்டிக்கொள்ளும்.

கடல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அதே 2024 மே மாதம் 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. புயல் இல்லை, மழை இல்லை. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் “கள்ளக்கடல்” எச்சரிக்கை கொடுத்திருந்தது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் காற்று கிளப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, உள்ளூர் வானிலையில் ஒரு அறிகுறியும் காட்டாமல் கரையில் ஏறும். கள்ளன்போல் வரும் கடல். கடலுக்குப் போகும் நாள் காலையில் செய்தியில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மீனவர்கள் படகை மேட்டில் ஏற்றி வைத்திருந்தால், நீங்களும் மணலோடு நின்றுவிடுங்கள்.

மெரினா உட்பட நம் கடற்கரைகள் பலவற்றில் அலை திரும்பும்போது இழுக்கும் இழுப்பு பயங்கரமானது. நின்று பாருங்கள்: அலை பின்வாங்கும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணல் அரித்துக்கொண்டு ஓடும், இரண்டு அலைக்குள் கணுக்கால் புதைந்துவிடும். பெரியவருக்கே தடுமாற்றம் என்றால் பதினைந்து கிலோ பிள்ளைக்கு என்ன ஆகும்? விரலைப் பிடிக்காதீர்கள், ஈரக்கை நழுவும். மணிக்கட்டைப் பிடியுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளையோடு செல்ஃபி எடுக்காதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வரிசையாக அலை உடைகிற கரையில், நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாக இருக்கும். குழந்தைக்கு ஏற்ற இடம் என்று அங்கேதான் கூட்டிப்போகத் தோன்றும். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் ஒன்றுசேர்ந்து கடலுக்குள் திரும்பும் வழி அது. அதில் மாட்டியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போவார்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரை சேர வேண்டும்.

தண்ணீரை விட்டு வந்தாலும் உஷார் முடியவில்லை. கெடிலம் ஆற்றில் அந்த ஏழு பேர் இறந்ததற்கு முந்தின நாள், 2022 ஜூன் 4ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று சின்னஞ்சிறு பிள்ளைகள் கதவைத் திறக்க முடியாமல் இறந்தார்கள். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 45ஐத் தொடும், அரை மணி நேரத்தில் 50ஐத் தாண்டும். கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். “தூங்குறான், எழுப்ப வேணாம், டிக்கெட் வாங்கிட்டு வந்துடலாம்” என்ற நல்ல எண்ணமே கொன்றுவிடும். தூக்கத்தில் எழுப்பினால் அழட்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கார் சாவியை ஆணியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்; காரைப் பூட்டியே வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்த் தொட்டியையும் கிணற்றையும் பாருங்கள், அடுத்து கார், அதன் டிக்கி. அப்புறம்தான் தெருவும் பக்கத்து வீடும்.

வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் செய்வதில்லை. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டலூர் பூங்காவில் பிள்ளையை நடக்கவைப்பது கொடுமை. காலை வாயில் திறந்ததும் உள்ளே போய், பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள் (செவ்வாய்க்கிழமை விடுமுறை). பூங்காச் சறுக்குமரத்தின் தகட்டில் முதலில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் பிள்ளையின் தொடை வெந்துவிடும். வெயிலில் பிள்ளை வியர்க்காமல் கொதித்து, பேச்சு குழறினால், மயங்கினால், துணியைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் புகட்டாதீர்கள். போன இடத்தில் வாங்கித் தரும் தின்பண்டத்திலும் கவனம் வேண்டும். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததே, துணிச்சாயமான ரோடமைன் பி கலந்திருந்ததால்தான். புகை கக்கும் பிஸ்கட், கலர் ஐஸ் எல்லாவற்றையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்கும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். சமதரையில் மட்டுமே ஓட்டிப் பழகிய டிரைவர் என்றால், மலை ஓட்டத் தெரிந்த ஆளாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டத்தில் தொலைவதும் நடக்கும். காணும் பொங்கலுக்கு மெரினாவில் போலீஸார் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். அதையே கோடையிலும் நீங்கள் செய்யலாம்: அழியாத மார்க்கர் பேனாவால் முன்கையின் உள்பக்கம் இரண்டு நம்பர் எழுதுங்கள். காலையில் கிளம்பும்போது அன்றைய உடையிலேயே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். என்ன கலர் சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. காணவில்லை என்றதும் அரை மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். அதே நிமிடம் 112க்குப் போன் போடுங்கள்.

மாலையில் மூட்டை கட்டும் நேரம், காலையில் ஜமக்காளம் விரித்த நேரத்துக்குச் சற்றும் குறையாத ஆபத்து. எல்லோருக்கும் களைப்பு, முறை போட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள், “கடைசியா ஒரு முங்கு” என்று பிள்ளைகள் திரும்பவும் ஓடுவார்கள். பெரியவர்கள் எல்லோரும் பாத்திரம் தூக்குவதானால், பிள்ளைகளை முதலில் வேனில் ஏற்றி, ஒருவர் அவர்களோடு உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். தலையை எண்ணாதீர்கள், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் வந்த பிறகு அடுத்த பெயரைச் சொல்லுங்கள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் சின்னப் பிள்ளை தெரியாது. ஒருவர் இறங்கி வேனுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு “வாங்க” என்று சொல்லும்வரை சாவியைத் திருப்ப விடாதீர்கள்.